பெரிய ஸ்ட்ரைக்கர் நல்ல கோச் ஆவாரா? யுப் ஹைன்கெஸ் கதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரி_9:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் டீமுக்குப் பல வருஷம் கோல் அடித்துக் கொடுத்த அண்ணன் ஒருவர், முழங்கால் ஒத்துழைக்காததால் ஆடுவதை நிறுத்திவிட்டு இப்போது கோச்சாக நிற்கிறார். ஆடிய காலத்தில் அவரைப் பிடிக்க ஆளே கிடையாது, பக்கத்து எஸ்டேட் டீம்கள் அவருக்கென்றே இரண்டு பேரை ஒதுக்கி வைப்பார்கள். ஆனால் கோச்சாகப் பார்த்தால் வேற மாதிரி இருக்கிறது. பையன் ஒருவன் கோலுக்கு முன்னால் பந்தைத் தவறவிட்டால் "இதைக்கூட அடிக்கத் தெரியாதா" என்று மைதானமே அதிரக் கத்துகிறார், எப்படி அடிப்பது என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். நல்லா ஆடும் பையன்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வருவதையே விட்டுவிட்டார்கள்.

டீ கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது பெரியவர் ஒருவர், "ஜெர்மனியில ஹைன்கெஸ்னு ஒருத்தர், கோல் மெஷினா இருந்தவர், அப்புறம் கோச்சாகி எல்லாக் கோப்பையும் ஜெயிச்சார், நம்மாளும் அப்படி வருவார், பொறுமையா இருங்க" என்றார். எனக்கு ஹைன்கெஸ் என்றால் 2013-இல் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கிளப் பார்சிலோனாவை 4-0 அடித்த அந்த இரவுதான் ஞாபகம், 12:15-க்கு ஆரம்பித்த மேட்ச், போர்வையைப் போர்த்திக்கொண்டு பார்த்தது. அதற்கு முன்னால் அவர் என்ன செய்தார் என்று தெரியாது. உண்மையிலேயே பெரிய ஸ்ட்ரைக்கராக இருந்ததால்தான் பெரிய கோச் ஆனாரா? எங்களுக்கு இருக்கும் பிரச்சினைக்கு அவர் கதை உதவுமா?

கூடலூர்_லெஃப்ட்பேக்:

தம்பி, நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறீர்கள். உங்கள் டீ கடைப் பெரியவர் சொன்னதில் பாதி உண்மை, மீதிப் பாதியை அவர் ஒரே தாண்டலாகத் தாண்டிவிட்டார்.

முதலில் ஆட்டக்காரர் ஹைன்கெஸ். 1945-இல் மோன்சென்கிளாட்பாக் ஊரில் பிறந்தவர், கொல்லர் வீட்டுப் பிள்ளை. உள்ளூர் கிளப்பான போருசியா மோன்சென்கிளாட்பாக்கில்தான் ஆரம்பம், நடுவில் 1967 முதல் 70 வரை ஹனோவர் 96-இல் ஆடிவிட்டுத் திரும்பவும் கிளாட்பாக்குக்கே வந்தார். ஜெர்மனியின் முதல் டிவிஷன் லீகான பண்டஸ்லிகாவில் 369 ஆட்டம், 220 கோல். அந்தப் பட்டியலில் இன்றைக்கும் அவருக்கு மேலே இருப்பது கெர்ட் முல்லர், லெவண்டோவ்ஸ்கி, கிளவுஸ் ஃபிஷர் என்று மூன்றே பேர். 1971, 75, 76, 77 என நான்கு லீக் பட்டம். ஐரோப்பிய கிளப்களுக்கான 1975 யுஇஎஃப்ஏ கோப்பை இறுதியில் முதல் ஆட்டம் நெதர்லாந்தின் ட்வென்டேயுடன் 0-0, அடுத்ததில் அவர்கள் ஊருக்கே போய் 5-1, அதில் மூன்று இவருடையது. ஜெர்மனிக்காக நாடுகள் மோதும் 1972 ஐரோப்பியக் கோப்பை ஜெயித்த அணியிலும் ஆடினார், 1974 உலகக் கோப்பை அணியிலும் இருந்தார், ஆனால் காயத்தால் இறுதி ஆட்டத்தில் இல்லை.

நான் யாரிடம் ஹைன்கெஸ் பற்றிப் பேசினாலும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1978 ஏப்ரல் 29, பண்டஸ்லிகா கடைசி நாள். கொலோனும் கிளாட்பாக்கும் ஒரே புள்ளி, ஆனால் கோல் வித்தியாசத்தில் கொலோன் 10 முன்னால் இருக்கிறது. பத்து கோல் கணக்கை ஒரே நாளில் எப்படி ஈடுகட்டுவது, முடியாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். கிளாட்பாக் எதிரே டார்ட்முண்ட். இடைவேளையிலேயே 6-0, முடிவில் 12-0! ஹைன்கெஸ் மட்டும் 5. அங்கே கொலோன் செயின்ட் பாலியை 5-0 அடித்துவிட்டதால் மூன்று கோல் வித்தியாசத்தில் பட்டம் போனது. அதுதான் பண்டஸ்லிகாவில் ஹைன்கெஸின் கடைசி ஆட்டம். ஐந்து கோல் அடித்துவிட்டு பட்டமில்லாமல் ஓய்வு பெற்ற மனுஷன். அன்றைக்கு டார்ட்முண்ட் கோச்சாக இருந்து வேலை போனவர் யார் தெரியுமா, ஓட்டோ ரெஹாகல், 2004-இல் கிரீஸை ஐரோப்பிய சாம்பியன் ஆக்கினாரே, அவரேதான். ஒரே மேட்ச்சில் பின்னாளைய இரண்டு பெரிய கோச்.

அடுத்து நீங்கள் கேட்டது. ஹைன்கெஸ் பூட்ஸைக் கழற்றிய மறுநாளே தலைமை கோச் ஆகிவிடவில்லை. அப்போது கிளாட்பாக் தலைமை கோச்சாக இருந்த ஊடோ லாட்டெக்கின் கீழ் ஒரு சீசன் உதவி கோச். 1979-இல்தான் பொறுப்பு கைக்கு வந்தது. அதன் பிறகு 1987 வரை 8 வருஷம் கிளாட்பாக்கில், பெரிய கோப்பை ஒன்றுகூட இல்லை. 1980-இல் யுஇஎஃப்ஏ கோப்பை இறுதி வரை போய் ஃபிராங்க்ஃபர்ட்டிடம் வெளியூர் கோல் கணக்கில் தோற்றார் (இரண்டு ஆட்டமும் சேர்த்து சமன் என்றால் வெளியூரில் அதிக கோல் அடித்த டீம் ஜெயிக்கும்). 1984 ஜெர்மன் கோப்பை இறுதியில் பேயர்னிடம் பெனால்டியில் தோற்றார், அந்தப் பெனால்டியில் ஒன்றை வெளியே அடித்தது அவர் வளர்த்துவிட்ட மத்தேயுஸ், அவன் அடுத்த சீசன் பேயர்னுக்கே போகிறான் என்பது அப்போதே ஊருக்குத் தெரியும், என்னென்ன பேசியிருப்பார்கள் பாருங்கள். 85-இல் ரியல் மாட்ரிட்டை 5-1 அடித்துவிட்டு அங்கே போய் 4-0 தோற்று வெளியே. எட்டு வருஷம் இப்படி. எங்கள் கூடலூரில் செவன்ஸ் டோர்னமெண்ட் இரண்டு தோற்றாலே கோச்சை மாற்று என்பார்கள்.

வெலிங்டன்_பழசு:

லெஃப்ட்பேக் சொன்னது எல்லாம் சரி, ஆனால் அவர் அழகான பக்கத்தை மட்டும் காட்டுகிறார். ஹைன்கெஸ் கத்தாத கோச் ஒன்றும் இல்லை. ஜெர்மனியில் அவருக்குப் பட்டப்பெயரே "ஓஸ்ராம்", பல்பு கம்பெனி பெயர், கோபம் வந்தால் முகம் அப்படிச் சிவந்து எரியும் என்று. எனவே உங்கள் ஊர் அண்ணன் நிலைக்கு மிக அருகில் இருக்கும் ஹைன்கெஸ், 2013 ஹைன்கெஸ் இல்லை, 1994 ஹைன்கெஸ்.

அந்த வருஷம் ஃபிராங்க்ஃபர்ட் கோச் ஆனார். டீமில் யெபோவா, ஒகோச்சா, கௌடினோ என மூன்று கலைஞர்கள். ஒகோச்சாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சியில் சுணக்கம் காட்டுகிறார்கள் என்று ஹைன்கெஸ் அவர்களைக் கூடுதலாக ஓடவைத்தார், அடுத்து வந்த ஆட்டத்தில் மூவரும் இறங்கவில்லை, இவர் மூவரையும் அணியை விட்டு ஒதுக்கினார். யெபோவா இங்கிலாந்துக்கு லீட்ஸ் போய் அங்கே மேலிருந்து வரும் பந்தையெல்லாம் வாலியில் வலைக்குள் அடித்துக்கொண்டிருந்தார், கௌடினோவும் இங்கிலாந்து போனார், ஹைன்கெஸ் அந்த சீசன் முடிவதற்குள் தானே விலகினார். அடுத்த வருஷம் ஃபிராங்க்ஃபர்ட் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. ஒழுங்கு அவர் பக்கம் இருந்திருக்கலாம், ஆனால் மூன்று பேரை ஒதுக்கியதில் யாருக்கு என்ன லாபம்? உங்கள் மைதானத்துக்கு வராமல் போன பையன்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அப்புறம் 1998. ரியல் மாட்ரிட்டுக்கு 32 வருஷமாகக் கிடைக்காத ஐரோப்பிய கிளப் கோப்பையை, அதாவது இப்போதைய சாம்பியன்ஸ் லீகை, வாங்கிக் கொடுத்தார், ஆம்ஸ்டர்டாமில் யுவென்டஸை மியாட்டோவிச் கோலால் 1-0. லீகில் நான்காம் இடம் வந்ததால் கோப்பையோடு சேர்த்து வேலையை விட்டும் அனுப்பினார்கள். சாம்பியன்ஸ் லீக் ஜெயித்த கையோடு வீட்டுக்குப் போ என்றால் எப்படி இருக்கும்!

2004-இல் ஷால்கெ கிளப்பும் வேலையை விட்டு அனுப்பியது, பழைய காலத்து ஆள் என்று பெயர் கட்டி. 2006-இல் சொந்த கிளப் கிளாட்பாக்குக்கே திரும்பினார், டீம் அடிமட்டத்தில், ரசிகர்களிடமிருந்து கொலை மிரட்டல் வரை போனது, 2007 ஜனவரியில் விலகினார். வயது 61. அன்றைக்கு இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், "நல்ல ஸ்ட்ரைக்கர், சுமாரான கோச், கதை முடிந்தது" என்றுதான் பதில் வந்திருக்கும். தேயிலைச் செடியைக் கவாத்து செய்தால் கொஞ்ச நாள் வெறும் குச்சியாக நிற்குமே, அந்த மாதிரி காலம்.

பந்தலூர்_பாஸ்:

பழசு அண்ணா, கவாத்து பண்ணினால் நாமே வெட்டுகிறோம், இவரை வெட்டியது கிளப் முதலாளிகள் 😄

எனக்கு ஒரே சந்தேகம். 2013 பேயர்ன் அணியைப் பாருங்கள், நொயர், லாம், போவாட்டெங், டான்டே, அலாபா, ஷ்வைன்ஸ்டைகர், தாமஸ் முல்லர், ராபன், ரிபெரி, மாண்ட்சுகிச். இதை வைத்துக்கொண்டு நானே கோப்பை வாங்கித் தருவேனே. 40 மில்லியன் யூரோ கொடுத்து ஹாவி மார்டினெஸை வேறு வாங்கினார்கள், அப்போதைக்கு பண்டஸ்லிகா சாதனை விலை. கோச் என்ன செய்தார்?

கூடலூர்_லெஃப்ட்பேக்:

பாஸ், இந்த வாதத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

முந்தைய சீசனை எடுங்கள், 2011-12. மார்டினெஸ், டான்டே, மாண்ட்சுகிச் நீங்கலாக ஏறத்தாழ அதே ஆட்கள், அதே கோச். லீகில் டார்ட்முண்டுக்குப் பின்னால் இரண்டாவது. ஜெர்மன் கோப்பை இறுதியில், யுர்கன் க்ளோப் கோச்சாக இருந்த டார்ட்முண்டிடம் 5-2 தோல்வி. சாம்பியன்ஸ் லீக் இறுதி சொந்த மைதானத்தில் செல்சியுடன், 83-ஆவது நிமிஷம் முல்லர் கோல், 88-இல் ட்ரோக்பா சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் ராபன் அடித்த பெனால்டியை செல்சி கோல்கீப்பர் செக் பிடித்தார், கடைசியில் பெனால்டி ஷூட்அவுட்டில் செல்சிக்குப் போனது. மூன்றிலும் இரண்டாம் இடம். ஆட்களின் தரம் மட்டும் போதும் என்றால் அந்த வருஷமே ஜெயித்திருக்க வேண்டும்.

அடுத்த வருஷம் என்ன மாறியது? பந்து போனதும் எல்லோரும் சேர்ந்து நெருக்குவது. ரிபெரியும் ராபனும் பந்து இல்லாதபோது தங்கள் ஃபுல்பேக்குக்காகப் பின்னால் ஓடி வந்தார்கள், அதுவரை இருவரையும் அப்படிப் பார்த்திருக்கிறீர்களா? லெஃப்ட்பேக்காக ஆடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், விங்கில் இருக்கும் ஹீரோவைப் பின்னால் இறங்கி வரவைப்பது உலகத்தில் மிகக் கஷ்டமான வேலை, எங்கள் டீமில் இன்றுவரை நடக்கவில்லை. அதோடு ரிபெரி, ராபன் ரெண்டு பேரும் முறுக்கிக்கொள்ளும் குணம் உள்ளவர்கள். 1994-இல் மூன்று கலைஞர்களை ஒதுக்கிய அதே ஆள் 2013-இல் இவர்களை வேலை வாங்கினார். மார்டினெஸ் விஷயமும் சும்மா பணம் இல்லை. ஹைன்கெஸ் அத்லெடிக் பில்பாவோவில் இரண்டு முறை கோச்சாக இருந்தவர், அந்த கிளப்பிலிருந்துதான் அந்தப் பையனைக் கேட்டு வாங்கினார்.

இதில் இன்னொன்று. 2013 ஜனவரியிலேயே அடுத்த சீசனுக்கு பார்சிலோனாவின் பழைய கோச் கார்டியோலா வருகிறார் என்று பேயர்ன் அறிவித்துவிட்டது. உங்களுக்குப் பதில் வேறு ஆள் ரெடி என்று பாதி வருஷத்திலேயே ஊருக்குச் சொல்லிவிட்டார்கள், ஆட்டக்காரர்கள் காது கொடுக்காமல் போகலாம், இவரும் விட்டேற்றியாக இருந்திருக்கலாம். நடந்தது என்ன? லீகில் 91 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 25 புள்ளி இடைவெளி, வாங்கிய கோல் மொத்த சீசனிலும் 18. பார்சிலோனாவை இரண்டு ஆட்டத்தில் சேர்த்து 7-0. வெம்பிளியில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் அதே டார்ட்முண்டை 2-1, கடைசி நேரத்தில் ராபன். அப்புறம் ஸ்டுட்கார்ட்டை 3-2 அடித்து ஜெர்மன் கோப்பை. ஜெர்மன் கிளப் ஒன்று மூன்றையும் ஒரே சீசனில் ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

பந்தலூர்_பாஸ்:

சரி சரி, ஒத்துக்கொள்கிறேன், பாதி. ஆனாலும் கோல்கீப்பர் நொயர் இல்லாமல் ஜெயித்திருக்க மாட்டார்.

கோத்தகிரி_9:

அருமை, எல்லோருக்கும் நன்றி. ஆனால் நடுவில் ஒரு ஓட்டை இருக்கிறது. 2007-இல் கதை முடிந்த ஆள் 2011-இல் பேயர்ன் கோச் எப்படி ஆனார்?

வெலிங்டன்_பழசு:

நட்பு. பேயர்ன் நிர்வாகி ஊலி ஹோனஸ் இவருடைய பழைய நண்பர். ஹைன்கெஸ் 1987 முதல் பேயர்னில் இருந்து 89, 90 இரண்டு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தும், 1991 அக்டோபரில் ஹோனஸ் அவரை நீக்கினார். அதுதான் தன் மிகப் பெரிய தவறு என்று பிறகு பல தடவை சொல்லியிருக்கிறார். 2009 ஏப்ரலில் கிளின்ஸ்மானை பேயர்ன் அனுப்பியபோது கடைசி 5 ஆட்டத்துக்கு ஹைன்கெஸைக் கூப்பிட்டார்கள், இரண்டாம் இடத்தில் முடித்துக் கொடுத்தார். கவனித்தீர்களா, கிளின்ஸ்மானும் பெரிய ஸ்ட்ரைக்கர்தான், உலகக் கோப்பை ஜெயித்தவர். அதே டீம், அதே சீசன், ஒரு ஸ்ட்ரைக்கர் போய் இன்னொரு ஸ்ட்ரைக்கர் வந்தார்.

அந்த ஐந்து ஆட்டத்தில் மனுஷனுக்குத் திரும்ப ஆசை வந்துவிட்டது. லெவர்குசன் போனார், அங்கே முதல் சீசனில் லீகில் முதல் 24 ஆட்டம் தோல்வியே இல்லை. பேயர்ன் கடனாக அனுப்பியிருந்த டோனி க்ரோஸ் என்ற பொடியன் ஆட்டக்காரனாக வளர்ந்தது அங்கேதான். இரண்டாம் சீசனில் க்ளோப்பின் டார்ட்முண்டுக்குப் பின்னால் இரண்டாம் இடம். அங்கிருந்து பேயர்ன்.

ஊட்டி_பிடி_டீச்சர்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். பழசு சார் போட்ட கிளின்ஸ்மான் உதாரணத்தில் பாதி பதில் வந்துவிட்டது. பெரிய ஸ்ட்ரைக்கராக இருந்ததற்கும் நல்ல கோச் ஆவதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஜெர்மனியிலேயே பாருங்கள், க்ளோப் அப்போது இரண்டாம் டிவிஷனில் இருந்த மைன்ஸ் டீமில் 11 வருஷம் ஆடியவர், ஸ்ட்ரைக்கராக ஆரம்பித்து டிஃபென்ஸுக்கு வந்தவர், தன் காலைத் தானே கேலி பண்ணுவார். பின்னால் வந்த பெரிய கோச்களில் டுக்கெல் முழங்கால் பிரச்சினையால் இளம் வயதிலேயே நிறுத்தியவர், நாகல்ஸ்மான் சீனியர் ஆட்டமே ஆடாதவர். இன்னொரு பக்கம் பெக்கன்பவர், ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் உலகக் கோப்பை ஜெயித்தவர். பண்டஸ்லிகாவில் 365 கோல் அடித்த கெர்ட் முல்லர் எந்தப் பெரிய டீமுக்கும் தலைமை கோச் ஆகவே இல்லை.

கோத்தகிரி தம்பிக்கு என் கருத்து. பிறவியிலேயே கோல் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு எப்படி அடிக்கிறோம் என்று சொல்லத் தெரியாது, ஏனென்றால் அவர்கள் யோசித்து அடித்ததில்லை. உங்கள் அண்ணன் கத்துவதற்குக் காரணம் திமிர் என்று நான் நினைக்கவில்லை, அவருக்கு அது உண்மையிலேயே புரியவில்லை. இந்த மாதிரி ஆட்களை எங்கள் பள்ளி மைதானத்திலும் பார்த்திருக்கிறேன். அவரை நீக்காதீர்கள், ஆனால் தனியாகவும் விடாதீர்கள். ஹைன்கெஸ்கூட முதலில் லாட்டெக்கின் கீழ்தான் நின்றார். சுமாராக ஆடி, பையன்களிடம் பொறுமையாகப் பேசக்கூடிய ஒருவரை அவருக்குப் பக்கத்தில் போடுங்கள். ஸ்ட்ரைக்கர்களுக்கு மட்டும் தனிப் பயிற்சி அண்ணன் கொடுக்கட்டும், அதுவும் சொல்லிக் கொடுக்காமல் செய்து காட்டட்டும், முழங்கால் விட்டால் நின்ற இடத்திலிருந்தே. நடந்துகொண்டே பத்து பந்தை வலைக்குள் அடித்துக் காட்டினால் பையன்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள், கத்தவே வேண்டாம்.

மலையில் இன்னொரு தொல்லையும் உண்டு, மூடுபனி இறங்கிவிட்டால் கோச் இந்தக் கோடியில் நின்று கத்துவது அந்தக் கோடிக்கு வெறும் சத்தம்தான். சொல்ல வேண்டியதை ஆட்டத்துக்கு முன்னால் சொல்லப் பழகச் சொல்லுங்கள்.

கோத்தகிரி_9:

மேடம், மூடுபனி விஷயம் நூற்றுக்கு நூறு. போன மாதம் எங்கள் கோல்கீப்பருக்கே கோல் விழுந்தது லேட்டாகத்தான் தெரிந்தது.

ஸ்ட்ரைக்கர் பயிற்சியை மட்டும் அண்ணனிடம் விடும் யோசனையை டீமில் பேசுகிறேன். பழைய மிட்ஃபீல்டர் ஒருத்தர் இருக்கிறார், அரசு தேயிலைக் கழகமான டான்டீயில் வேலை, பேச்சு தன்மையாக இருக்கும், அவரைக் கேட்டுப் பார்க்கலாம். அண்ணனிடம் யார் போய்ச் சொல்வது என்பதுதான் இப்போது பிரச்சினை 😬 கோச்சிங் லைசென்ஸ் ஏதாவது எடுக்கச் சொல்லலாமா?

ஊட்டி_பிடி_டீச்சர்:

கண்டிப்பாக. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் டி லைசென்ஸ்தான் முதல் படிகளில் ஒன்று, பெரிய அளவில் ஆடிய அனுபவம் இருக்க வேண்டும் என்றில்லை. அடுத்த கோர்ஸ் எப்போது, எங்கே என்று மாவட்டக் கால்பந்து சங்கத்தில் கேளுங்கள், பெரும்பாலும் கீழே சமவெளிக்கு இறங்க வேண்டியிருக்கும். அந்த மிட்ஃபீல்டரையும் சேர்த்து அனுப்புங்கள், இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வந்தால் யார் பெரியவர் என்ற பேச்சு குறையும்.

பந்தலூர்_பாஸ்:

அண்ணனிடம் சொல்லப் போகும்போது ஹைன்கெஸ் 72 வயதில் திரும்ப வந்ததையும் சொல்லுங்கள். கோச் ஆன்செலோட்டி போனதும் 2017 அக்டோபரில் பேயர்ன் மறுபடி இவரைத்தான் கூப்பிட்டது. ரிட்டயர் ஆகி வீட்டில் நாயோடு நடந்துகொண்டிருந்தவர். டார்ட்முண்டுக்கு 5 புள்ளி பின்னால் இருந்த டீம், சீசன் முடிவில் இரண்டாம் இடத்துக்கு 21 புள்ளி முன்னால். முழங்கால் போனாலும் அண்ணனுக்கு இன்னும் முப்பது வருஷம் சர்வீஸ் இருக்கிறது என்று சொன்னால் சிரித்துவிடுவார், அந்த நேரம் பார்த்து லைசென்ஸ் ஃபாரத்தை நீட்டிவிடுங்கள்.

வெலிங்டன்_பழசு:

அப்படியே அந்த சீசன் கடைசியில் ஜெர்மன் கோப்பை இறுதியில் 3-1 என்று தோற்றதையும் சொல்லுங்கள். எதிர் டீம் ஃபிராங்க்ஃபர்ட்.